பாடற் கோப்புகளில் தமிழ் எழுத்துச் சிதைவு

பாடற் கோப்புகளில் தமிழ் எழுத்துச் சிதைவு என்பது, தரவிறக்க மென்பொருள் வழியே பெற்ற எம்பி3 கோப்பில் பாடலின் பெயர், பாடியவர் பெயர் முதலிய விபரங்கள் தமிழில் தோன்றாது கட்டங்களாகவோ வேற்றெழுத்துக்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தோன்றும் வழு ஆகும். ஒலித்தரவும் விபரத்தரவும் தனித்தனியே சேமிக்கப்படுவதால் பாடல் பழுதின்றி ஒலிக்கும். ஆயினும், தவறான முறையில் திருத்த முற்பட்டால் கோப்பிலுள்ள பெயர்கள் மீட்க இயலாதவாறு அழிந்துவிடக்கூடும்.

பின்னணி

எம்பி3 கோப்பின் விபரங்கள் ஐடி3 என்னும் வடிவில் சேமிக்கப்படுகின்றன. 1996இல் உருவான இதன் முதற்பதிப்பு, கோப்பின் இறுதியில் 128 பைட்டுகளைக் கொண்டது. அதில் தலைப்புக்கு 30 பைட்டுகளே உண்டு; எந்தக் குறியாக்கம் பயன்பட்டது எனக் குறிக்க இடமில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொள்ளும். "கோடம்பாக்கம்" என்ற சொல் 12 குறிகள், அதாவது 36 பைட்டுகள் ஆகும். எனவே அது "கோடம்பாக்க" என்பதோடு நின்றுவிடும்.

இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் முதற்பதிப்பில் தனிப் புலங்கள் இல்லை. கோடம்பாக்கத்தில் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை நிறுவிய ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து, வைரமுத்து பாடல்கள் எழுதிய ரோஜா (1992) போன்ற படங்களின் பாடல்களில், இவ்விருவர் பெயரும் பாடகர் பெயரும் ஒரே புலத்துக்குப் போட்டியிட நேரும். இரண்டாம் பதிப்பில் இவற்றுக்குத் தனிப் புலங்கள் உள்ளன. அது கோப்பின் தொடக்கத்தில் இடம்பெறும்.

அறிகுறிகளும் காரணங்களும்

* கட்டங்கள்: கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. தரவு பழுதுபடவில்லை.
* மேற்குறியிட்ட இலத்தீன் எழுத்துக்களும் பதிவு வணிகக்குறியும் மாறிமாறி வருதல்: யூடிஎஃப்-8 தரவு மேலை ஐரோப்பியக் குறியாக்கமாக வாசிக்கப்படுகின்றது.
* வேறுவகை இலத்தீன் எழுத்துக்கள்: ஒருங்குறிக்கு முந்திய திஸ்கி, டாம், டாப் போன்ற குறியாக்கமாக இருக்கலாம். டாம், டாப் ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றது. 2010இல் ஒருங்குறிக்கு மாறியது.
* கேள்விக்குறிகள்: தமிழ் இல்லாத குறியாக்கத்துக்கு மாற்றிச் சேமிக்கப்பட்டுள்ளது. மூல எழுத்துக்கள் அழிந்துவிட்டன.
* பெயர் சரியாகத் தோன்றி, பாடல் இடையில் நிற்றல்: தரவிறக்கம் முழுமையடையவில்லை. விபரம் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால் கோப்பு முழுமையானது போலத் தோன்றும். மீண்டும் தரவிறக்க வேண்டும்.

சீர்செய்தல்

முதலில் கோப்பைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். சிதைந்து தோன்றும் விபரத்தை அப்படியே மீண்டும் சேமித்தல் கூடாது. யூடிஎஃப்-8 தவறாக வாசிக்கப்பட்டிருந்தால், எழுத்துக்களைப் பழைய பைட்டுகளாக்கி யூடிஎஃப்-8 ஆக வாசிக்கலாம். எனினும் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ ஆகியவற்றில் வரும் சில பைட்டுகளுக்கு விண்டோசு-1252 குறியாக்கத்தில் எழுத்து ஒதுக்கப்படவில்லை. சில செயலிகள் அவற்றைக் கைவிடுவதால் மீட்பு குறைபடலாம். பழைய குறியாக்கங்களுக்கு உரிய ஒருங்குறி மாற்றி தேவை.

திருத்திய விபரத்தை ஐடி3 2.3 பதிப்பில் யூடிஎஃப்-16 முறையில் சேமிப்பது பழைய கருவிகளுக்கும் பொருந்தும். 2000இல் வெளியான 2.4 பதிப்பு யூடிஎஃப்-8ஐ ஏற்றாலும், விண்டோசின் பழைய பதிப்புகள் அதனை வாசிப்பதில்லை. மியூசிக்பிரெயின்சு பிக்கார்டு என்னும் கட்டற்ற மென்பொருளில் இப்பதிப்பைத் தெரிவு செய்யலாம்.

இவற்றையும் பார்க்க

* ஒருங்குறி
* எம்பி3
* தமிழ்த் திரையிசை