வேலைத் தகுதி மருத்துவச் சான்று

ஒருவர் குறிப்பிட்ட வேலையைச் செய்ய உடலால் தகுதி உடையவரா என்பதை, மருத்துவர் ஒருவர் சோதித்து எழுத்தில் தரும் முடிவு. வேலையில் சேரும்போதும், வேலையில் இருக்கும் காலத்தில் குறித்த இடைவெளிகளிலும், நோய்விடுப்பு முடிந்து திரும்பும்போதும் இது கேட்கப்படும். மதுரை வட்டாரத்தில் 'ஃபிட்னஸ்' அல்லது 'ஃபிட் சர்டிபிகேட்' என்பதே வழக்கு. ரயில்வே ஊழியர் 'சிக்' எழுதிக்கொடுத்துப் படுப்பார். 'ஃபிட்' வாங்கிக்கொண்டு டூட்டிக்குப் போவார்.

முன்வரலாறு

இந்த முறையின் வேர் இங்கிலாந்தின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருக்கிறது. அப்போது அங்கே பிறப்புப் பதிவு கிடையாது. ஆகவே பிள்ளையின் வளர்த்தியையும் தோற்றத்தையும் பார்த்து வயதைச் சொல்லும் பொறுப்பு மருத்துவரிடம் விடப்பட்டது. எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், உயரத்தைவிடப் பல்லே வயதுக்கு நம்பகமான சாட்சி என்று 1837இல் ஒரு நூலே எழுதினார். வாயைத் திறக்கச் சொல்லிக் கடைவாய்ப் பல் முளைத்துவிட்டதா என்று பார்ப்பது மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு வெகு தூரமில்லை. ஆனாலும் பெற்றோரின் வாய்ச்சொல்லுக்கு வெளியே ஓர் அளவுகோல் தேடிய முதல் முயற்சிகளுள் அதுவும் ஒன்று. 1844ஆம் ஆண்டுச் சட்டம், சான்றளிக்கும் மருத்துவரை நியமிக்கும் அதிகாரத்தைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தந்தது.

இந்தியச் சட்டங்கள்

1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 7 வயது நிரம்பாதவரை ஆலைக்குள் விடக்கூடாது என்றது, 1891இல் அந்த வரம்பு 9 ஆனது, 1922இல் 12. 1911ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவருக்கு வயதுச் சான்றோடு உடல்தகுதிச் சான்றையும் கேட்டது. 1934இல் 'வளரிளம் பருவத்தினர்' என்ற புதுப் பிரிவு வந்தது. மருத்துவர் தகுதி என்று எழுதினால் மட்டுமே அவர்கள் பெரியவர்களைப்போல முழுநேரம் உழைக்கலாம்.

மதுரையில்

இந்தச் சட்டங்களுக்கு உட்பட்ட ஆலைகள் மதுரையிலும் எழுந்தன. ஹார்வி சகோதரர்கள் மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி 1892இல் நூற்பாலை தொடங்கினர். பின்னர் மீனாட்சி மில், திருநகரில் சீதாலட்சுமி மில் என ஆலைகள் பெருகின. திருப்பரங்குன்றத்தைத் தாண்டித் திருமங்கலம் சாலையில் ஹார்விபட்டியும் திருநகரும் அடுத்தடுத்து அமைந்தன. மில் சங்கை வைத்தே பொழுதைக் கணக்கிட்ட குடும்பங்கள் இங்கே பல. வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் 1918இல் தொடங்கிய மதுரைத் தொழிலாளர் சங்கம் ஹார்வி மில் தொழிலாளரை நம்பி எழுந்தது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம்

இந்தத் துறையில் மிகத் துல்லியமாக எழுதப்பட்ட சட்டம் இதுவே. 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டம் வரும்வரை இது நடைமுறையில் இருந்தது. இதன் 10ஆம் பிரிவு சான்றளிக்கும் மருத்துவரை மாநில அரசு நியமிக்கும் என்றது. அதோடு நிற்காமல், யார் அந்தப் பொறுப்பில் இருக்கக்கூடாது என்றும் பட்டியலிட்டது: தொழிற்சாலையை நடத்துபவர், அங்கே நேராகவோ மறைமுகமாகவோ ஆதாயம் உள்ளவர், அங்குள்ள இயந்திரத்தில் அல்லது காப்புரிமையில் பங்கு உள்ளவர், அங்கே சம்பளம் வாங்குபவர். மாநில அரசு சிலருக்கு விலக்கு அளிக்கவும் வழி விட்டிருந்தது.

69ஆம் பிரிவு சான்று தரும் முறையை இப்படி வகுத்தது. 14 வயது நிரம்பியவர் சிறுவராக வேலை செய்யவும், 15 நிரம்பியவர் முழுநாள் வேலைக்கும் தகுதி பெறலாம். மருத்துவர் ஆளை மட்டும் சோதித்தால் போதாது. அந்த இளைஞர் வேலை செய்யப்போகும் இடமும் அங்கே நடக்கும் உற்பத்தி முறையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், அந்த இடத்தை நேரில் பார்க்கும்வரை சான்று தரக்கூடாது. நூற்பாலையின் புளோ ரூமில் பஞ்சு பறப்பதைக் கண்ணால் காணாத மருத்துவர், ஒரு பையனின் நெஞ்சில் குழல் வைத்து மட்டும் முடிவு சொல்லிவிட முடியாது என்பதே இதன் பொருள். சான்று 12 மாதம் செல்லும். மறுத்தாலோ திரும்பப் பெற்றாலோ, கேட்டவருக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கட்டணம் தொழிற்சாலையைச் சேர்ந்தது. பிள்ளையிடமோ பெற்றோரிடமோ அதை வசூலிக்கக்கூடாது.

சான்று ஆலை மேலாளரிடம் இருந்தது. அதன் எண்ணைக் குறிக்கும் டோக்கனைப் பையன் வேலை நேரம் முழுவதும் தன்னிடம் வைத்திருக்க வேண்டியிருந்தது (68ஆம் பிரிவு). அடுத்தவர் சான்றைக் காட்டி வேலைக்குப் போவதும், ஒரே நாளில் பிள்ளையை இரண்டு ஆலைகளுக்கு அனுப்புவதும் தனித்தனிக் குற்றங்களாக இருந்தன. இரண்டாவதில் தண்டனை பெற்றோருக்கு. முந்தைய தலைமுறையின் தந்திரங்களை இந்தத் தண்டனைப் பிரிவுகளிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பஞ்சுத் தூசி நோய்

நூற்பாலை வட்டாரத்தில் தகுதிச் சோதனையின் கடினமான பகுதி இதுதான். பஞ்சுத் தூசியால் வரும் மூச்சிறுக்கம் வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் தலைகாட்டும். அடுத்த நாள்களில் தணிந்துவிடும். இங்கிலாந்து மருத்துவர் ஷில்லிங் 1950களில் நோயைப் படிநிலைகளாகப் பிரித்தபோது, கிழமையையே அளவுகோலாக வைத்தார்: முதல் நாளில் எப்போதாவது, முதல் நாள்தோறும், மற்ற நாள்களிலும், கடைசியாக நிரந்தரமாக. ஆகவே மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'மூச்சு முட்டுதா?' என்பதல்ல, 'எந்தக் கிழமையில முட்டுது?' என்பது. வியாழக்கிழமை சோதனைக்கு வந்தவர் நல்ல உடல்நிலையில் இருப்பதாகவே தெரியக்கூடும். இந்த நோய் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இடம்பெற்றிருந்தது. புகைப்பழக்கத்தின் பங்கு எவ்வளவு, தூசியின் பங்கு எவ்வளவு என்பதில் தனிப்பட்ட நேர்வுகளில் மருத்துவர்கள் மாறுபடுவதுண்டு.

இ.எஸ்.ஐ

1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ சட்டத்தின்படி இந்தக் காப்பீட்டுத் திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955இல் கோயம்புத்தூரில் தொடங்கிப் பிற ஆலை நகரங்களுக்கும் பரவியது. முதலாளியின் கையிலிருந்து நோய்விடுப்பை எடுத்துப் பொது நிதியிடம் தந்ததே இதன் பெரிய மாற்றம். இ.எஸ்.ஐ மருத்துவர் சான்று போட்டால், ஆண்டுக்கு 91 நாள்வரை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். பொதுவாக முதல் 2 நாளுக்குக் கிடையாது. காசநோய் முதலிய 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு. இந்த உதவியைப் பெறும் காலத்தில் தொழிலாளியைப் பணிநீக்கம் செய்ய 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ சட்டத்தின் 73ஆம் பிரிவு தடை விதித்தது.

சான்று கொடுப்பவரைச் சரிபார்க்க மருத்துவ நடுவர் உண்டு. விடுப்பு நீண்டால் அவர் தொழிலாளியை மறுபடி சோதிப்பார். நிரந்தர ஊனத்தின் அளவை மருத்துவ வாரியம் விழுக்காட்டில் சொல்லும். அதை எதிர்த்து மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும், தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். கேட்டால் சான்று கிடைத்துவிடுகிறது என்பது நிர்வாகங்களின் பழைய குறை. தேறுவதற்குள் 'ஃபைனல்' (விடுப்பை முடிக்கும் இறுதிச் சான்று) எழுதி அனுப்பிவிடுகிறார்கள் என்பது தொழிலாளரின் பழைய குறை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்.

இழப்பீட்டுக் கணக்கு

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை கட்டைவிரல் இழப்புக்கு 30, ஆள்காட்டி விரலுக்கு 14 விழுக்காடு என்று விலை வைத்தது. ஆனால் உடலின் இழப்பும் பிழைப்பின் இழப்பும் ஒன்றல்ல. முழங்கைக்கு மேல் கையை இழந்த மரத்தச்சர் ஒருவரின் வழக்கில், இனி அவரால் தச்சுவேலை செய்ய இயலாது என்பதால் இழப்பு 100 விழுக்காடு என்பதை உச்ச நீதிமன்றம் 1970களின் நடுவில் ஏற்றது.

ரயில்வே

ரயில்வேயில் பணியின் தன்மைக்கேற்ப ஏ-1 முதல் சி-2 வரை மருத்துவப் பிரிவுகள் உண்டு. ரயில் ஓட்டுநருக்கு ஏ-1. வயது ஏற ஏறச் சோதனை அடிக்கடி வரும். இதில் நிறப்பார்வைச் சோதனைக்குத் தனிக் கதை உண்டு. மதுரைக்கு ரயில் வந்த 1875ஆம் ஆண்டில்தான் ஸ்வீடனில் லாகர்லுண்டா ரயில் விபத்து நடந்தது. விளக்கின் நிறம் பிரித்தறியாததே காரணமாகலாம் என்று கருதிய அந்நாட்டு உடலியலாளர் ஹோல்ம்கிரன், பல நிறக் கம்பளி நூல் சிட்டங்களைக் குவித்துவைத்து, வெளிர்பச்சைச் சிட்டம் ஒன்றைக் காட்டி அதற்கு இணையானவற்றைப் பொறுக்கச் சொன்னார். விபத்துக்கு நிறக்குருடு உண்மையில் காரணமா என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். ஆனால் சோதனை நிலைத்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், எந்த மொழி பேசுபவருக்கும் பொதுவான சோதனை அது. சிட்டம் பிரித்துச் சாயம் தோய்த்த மதுரைக்காரர் யாருக்கும் அதை விளக்கத் தேவை இருந்திருக்காது. இந்திய ரயில்வேயில் இஷிஹாரா புள்ளிப் படங்களும் எட்ரிட்ஜ்-கிரீன் விளக்கும் பின்னர் நிலைபெற்றன.

அரசுப் பணி

1922 முதல் நடைமுறையில் உள்ள அடிப்படை விதிகள் சேரும்போதும் மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பும்போதும் சான்று கேட்கின்றன. மதுரையில் எர்ஸ்கின் மருத்துவமனையாக இருந்து இன்று அரசு இராசாசி மருத்துவமனையாக உள்ள 'பெரிய ஆஸ்பத்திரி', மருத்துவ வாரியத்துக்குப் போகும் அரசு ஊழியர்களுக்குப் பழகிய இடம்.

தகுதி இழந்தவர்

'அன்ஃபிட்' என்ற ஒரு சொல் வீட்டுக்கு அனுப்பப் போதுமானதாக நெடுங்காலம் இருந்தது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47ஆம் பிரிவு அதை மாற்றியது: பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கக்கூடாது, அதே ஊதியத்தில் மாற்றுப்பணி தர வேண்டும், அதற்கும் இடமில்லை என்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். குணால் சிங் வழக்கில் (2003) உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவிலும் இது தொடர்கிறது. நிறப்பார்வைக் குறையால் தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்டவருக்கு வேலை தர 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பாதுகாப்பு எங்கே முடிகிறது, பாகுபாடு எங்கே தொடங்குகிறது என்பது வழக்குக்கு வழக்கு மாறுகிறது.

அண்மைக்காலம்

2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 'சான்றளிக்கும் மருத்துவர்' என்ற பழைய பெயரின் இடத்தில் இதில் 'மருத்துவ அலுவலர்' வருகிறார். குறித்த வயதினருக்கும் வகையினருக்கும் ஆண்டுதோறும் உடல்சோதனை செய்விக்கும் கடமை முதலாளிக்கு உண்டு. 1948இல் இருந்ததுபோலவே, அதன் செலவு தொழிலாளியைச் சேராது.