பிஹார் மதுவிலக்குச் சட்டம்: வழக்கு தொடங்குவது எப்படி?

இந்தியாவின் பிஹார் மாநிலத்தில் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அது தொடர்பான அறிவிக்கையை பட்னா உயர்நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி ரத்து செய்தது. இரண்டே நாட்களில், அக்டோபர் 2-ஆம் தேதி, புதிய மதுவிலக்கு மற்றும் கலால் சட்டம் அமலுக்கு வந்தது. அந்த அவசரத்தின் சுவடு, சட்டத்தின் குற்றவியல் நடைமுறையில் இன்றும் தெரிகிறது எனலாம்.

இச்சட்டத்தின்படி குற்றங்கள் பிடியாணையின்றிக் கைது செய்யத் தக்கவை. பிணையில் விட இயலாதவை. நீதிமன்ற உத்தரவு எதுவுமின்றி, காவல்துறை அல்லது கலால் அதிகாரியின் சோதனையுடனேயே வழக்கு தொடங்கிவிடுகிறது. கைதுக்கு முன்னரே பிணை கோரும் வாய்ப்பையும் சட்டம் மறுக்கிறது. மதுவைத் தயாரித்தல், கடத்தல், விற்றல் போன்ற குற்றங்களை, விசாரணையும் குற்றப்பத்திரிகையும் முடிந்தபின், சிறப்பு நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன.

மது அருந்தியவரின் நிலை வேறு. தொடக்கத்தில் அவருக்கு ஐந்தாண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை இருந்தது. 2018-இல் அது 50,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதச் சிறை எனக் குறைந்தது. 2021 டிசம்பரில் அப்போதைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா, தொலைநோக்கற்ற சட்டமியற்றலுக்கு இச்சட்டத்தை எடுத்துக்காட்டாகக் கூறி, உயர்நீதிமன்றம் பிணை மனுக்களால் திணறுவதைச் சுட்டிக்காட்டினார். மறு ஆண்டே மீண்டும் திருத்தம் வந்தது. முதல்முறை பிடிபடுபவர் இப்போது நிர்வாகத்துறை நடுவர் முன் நிறுத்தப்படுகிறார். 2,000 முதல் 5,000 ரூபாய் வரை செலுத்தினால் விடுவிக்கப்படலாம், இல்லையேல் ஒரு மாதச் சிறை. ஆனால் விடுதலையை உரிமையாகக் கோர முடியாது. கைது செய்வதும் அபராதம் விதிப்பதும் ஒரே அரசு நிர்வாகத்தின் கையில் இருப்பது நெருடலான ஏற்பாடுதான். தினக்கூலிக்கு உழைப்பவருக்கோ 2,000 ரூபாயும் சிறிய தொகையல்ல.

வழக்கின் அடித்தளமான சான்று குறித்தும் கேள்விகள் உண்டு. மூச்சில் வாடை, தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி ஆகியவை மட்டும் மது அருந்தியதற்கு முடிவான சான்றாகா என்று உச்சநீதிமன்றம் 1971-இலேயே, மகாராஷ்டிர வழக்கொன்றில், தீர்ப்பளித்தது. இரத்தப் பரிசோதனையின்றி, மூச்சுப் பரிசோதனைக் கருவியை மட்டும் நம்பித் தொடரப்பட்ட வழக்குகளில் பிஹார் வழக்கறிஞர்கள் முன்வைக்கும் முதல் வாதமும் இந்தத் தீர்ப்பை ஒட்டியதே.