நிறத்தை விற்ற விளம்பரங்கள்

‘விளம்பரங்களில் பெண்’ என்று தலைப்புக் கொடுத்தால், ‘அன்று அடுப்படி, இன்று அலுவலகம்’ என்று எழுதி முடித்துவிடும் மாணவர்களே அதிகம். முகப்பூச்சு விளம்பரங்களின் வரலாறு அவ்வளவு நேராகப் போகவில்லை.

1975இல் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்தது. அப்போது விளம்பரக் கதை கல்யாணம்தான்: நிறம் வெளுத்தால் மாப்பிள்ளை கிடைப்பான். பிறகு வேலை வந்தது. ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என்று அப்பா வருந்துகிறார். மகள் கிரீம் பூசிச் சிவந்து, விமானப் பணிப்பெண் ஆகிறாள். சம்பாதிக்கும் பெண், முன்னேற்றம் மாதிரிதான் தெரியும். ஆனால் நிபந்தனை என்னவோ அதேதான்! அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் விடாமல் எதிர்த்தது. 2003இல் அது நிறுத்தப்பட்டது.

இது இந்தியக் கதை மட்டுமா? 2017 நோன்புப் பெருநாளுக்கு வாட்சன்ஸ் மலேசியா ஒரு காணொலி வெளியிட்டது. இனிய குரலுடைய பெண்ணைத் தேடி வரும் செல்வந்தன், அவள் கரிய முகத்தைக் கண்டு அதிர்கிறான். அவள் முகம் கழுவி வெளுத்ததும் அழகியாகிறாள். நடிகையின் முகத்தில் பூசியது கருஞ்சாயம். கண்டனம் எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது.

ஆசிரியர்களே, ஆண்டுகளை வரிசையாக ஒப்பிக்கவிடாமல், ஒவ்வொரு விளம்பரத்திலும் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது, அதற்காக அவள் எதை மாற்றிக்கொள்கிறாள் என்று எழுதச் சொல்லுங்கள். கம்போங் மேடான் பிள்ளைகளுக்கு இது தூரத்து விஷயமில்லை. நிறத்தைச் சொல்லிக் கூப்பிடும் பட்டப்பெயர் வகுப்பிலேயே இருக்கிறது.

2020இல் அந்தக் கிரீமின் பெயர் குளோ அண்ட் லவ்லி என்று மாறியது. கிரீம் இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது.