வலையும் ஏடும்

நுரைச்சோலை கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையூர். மீன்பிடியும் மணற்றோட்டச் செய்கையும் அதன் தொழில்கள். இத்தகைய ஊரிற் பாடசாலை கைத்தொழிலைக் கற்பிக்குமாயின், யாருக்குக் கற்பிப்பது? இவ்வினாவுக்கு அண்மைக்கால வரலாறு இரு விடைகளைத் தந்துள்ளது.

1953 இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொணர்ந்த திட்டம், கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதிற் பெற்றோர் தொழிலைப் பயிலுமாறு பிள்ளைகளைப் பணித்தது. ‘குலக் கல்வி’ எனக் கண்டிக்கப்பட்ட அது, 1954 இற் காமராசர் ஆட்சியிற் கைவிடப்பட்டது.

இலங்கையின் 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தமோ, வட்டாரத் தொழில்களைத் தழுவிய தொழில் முன்னிலைப் பாடங்களைக் கனிஷ்ட இடைநிலை மாணவர் அனைவர்க்கும் உரியனவாக்கியது. கரையூர்ப் பிள்ளையைப் போன்றே கொழும்புப் பிள்ளையும் ஒரு தொழிலைப் பயிலவேண்டியிருந்தது. ஆயினும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் கருவிகளும் போதவில்லை. உத்தியோகத்தையே விழைந்த பெற்றோர் மனமும் இசையவில்லை. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அத்திட்டமும் மறைந்தது.

முன்னையது கொள்கையால் வீழ்ந்தது. பின்னையது நடைமுறையால் நலிந்தது. இவ்வேறுபாடு மறக்கற்பாலதன்று. 2011 இல் நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், வலைக்கு அருகே மின்கம்பியும் வந்துவிட்டது. மீனவர் மகனுக்கு வலையையும் பொறியியலாளர் மகளுக்கு ஏட்டையும் பகிர்ந்தளிப்பது கல்வியாகாது. இரண்டும் இருவர்க்கும் உரியன.