முரசுக்கு விடும் இரண்டு மில்லிமீற்றர்

சூத்தைப்பல்லை அடைத்தாயிற்று, இனிப் பயமில்லை என்றுதான் கல்முனைக்குடியில் நாம் பலரும் இருந்துவிடுகிறோம். அந்தப் பல்லைச் சுற்றி முரசு சிவந்து இரத்தம் கசிந்தாலும், வலி இல்லையே என்று விட்டுவிடுவோம். அடைப்பின் விளிம்பு முரசுக்குள் போகாமல் இருந்தால் நல்லது என்பது பல் மருத்துவத்துக்கே பிந்தி வந்த புத்தி.

முதலில் பாடம் நேர்மாறாக இருந்தது. நலமான முரசு மூடிய இடத்தில் சூத்தை தொடங்குவதில்லை என்று கண்ட அமெரிக்கர் ஜீ. வீ. பிளாக், விளிம்பை முரசுக்கு அடியில் வைக்கச் சொன்னார். அவர் காலத்துக்கு அது மடத்தனமும் அல்ல.

1961இல் கார்ஜியூலோ, வென்ட்ஸ், ஓர்பன் என்ற மூவர், இறந்தவர்களின் தாடைகளில் முரசு பல்லைப் பற்றி நிற்கும் பட்டையை அளந்து வெளியிட்டார்கள். மேலணி இழையம் 0.97 மில்லிமீற்றர், அதற்குக் கீழே தொடுப்பிழையம் 1.07, மொத்தம் 2.04. வோல்ட்டர் கோஹன் இதற்கு ‘உயிரியல் அகலம்’ என்று பெயரிட்டார். அடைப்போ கிரவுணோ இந்தப் பட்டைக்குள் நுழைந்தால் முரசு வீங்கும்; இல்லையேல் எலும்பு கரைந்து கீழிறங்கி, இழந்த இடத்தைத் தேடிக்கொள்ளும்.

வாழும் மனிதரில் இதற்கு நீண்டகாலச் சான்று தந்த ஆய்வின் மறுபாதி நம் நாட்டில்தான் நடந்தது. நோர்வேக்காரர் ஹரால்ட் லோவும் குழுவினரும் 1969இல் ஒஸ்லோவிலும், 1970இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் ஆண்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். இங்கே 480 தொழிலாளர். அவர்களுக்குச் சூத்தை அநேகமாக இல்லை. பல் துலக்கும் வழக்கமும் பல் வைத்தியமும்கூட இல்லை. 15 ஆண்டுகளில் 8 சதவீதத்தினருக்கு முரசு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக. சிகிச்சை கிடைக்காத வாய் எப்படிக் கெடும் என்று உலகப் பாடநூல்கள் எழுதுவது இவர்களை வைத்துத்தான். ஏழையின் வாயை ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருந்த அந்த ஏற்பாடு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஒஸ்லோக்காரருக்கோ துலக்கலும் வைத்தியமும் ஒழுங்காகக் கிடைத்தன. அவர்களில் 160 பேரை 26 ஆண்டுகள் பார்த்த முடிவு 2001இல் வந்தது. விளிம்பு முரசுக்கு அடியில் போன பற்களில், 1 முதல் 3 ஆண்டுகளுக்குள்ளேயே முரசின் பிடி தளர்ந்திருந்தது. நல்ல பராமரிப்பும் அதைத் தடுக்கவில்லை.

சூத்தை ஆழமாக இறங்கிய பல்லுக்கு, முரசையும் எலும்பையும் சிறிது செதுக்கியோ, பல்லைக் கம்பியால் மெல்ல மேலே இழுத்தோ இடம் எடுக்கலாம். வுழூவுக்கு முன் மிஸ்வாக் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது முரசின் ஓரத்தைச் சுத்தமாக்கும், அடியில் கிடக்கும் விளிம்பை எட்டாது. அடைத்த பல்லருகே நூல் விட்டால் நைந்து வருகிறதா, இரத்தம் வருகிறதா? பல் டொக்டரிடம் காட்டி, அடைப்பின் விளிம்பு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.