அடர்த்தியும் செறிவும்

மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் குழுவினர் ஆக்கிய வேதியியல் நூல், 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் ஒலிபெயர்ப்புப் பெயருடன் வெளிவந்தது. 1916இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் தொடங்கிய சங்கம் அறிவியலுக்குரிய தமிழ்ச் சொற்களைத் திரட்ட முனைந்தது. இன்றைய பாடநூல்களில் கரைபொருள், கரைப்பான், கரைசல் மூன்றும் 'கரை' என்னும் ஒரே வேரில் கிளைத்துத் தம் பொருளைத் தாமே உணர்த்துகின்றன.

எனினும் ஒரு முடிச்சு எஞ்சியுள்ளது. 'செறிவு' கரைசலிலுள்ள கரைபொருளின் அளவைக் குறிக்கும். 'அடர்த்தி' ஓரலகுப் பருமனின் நிறையைக் குறிக்கும். ஆயினும் செறிவு மிக்க அமிலம் 'அடர் அமிலம்' என்றே வழங்கப்படுகிறது. மாணவர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வதற்கு இவ்வழக்கே இடந்தருகிறது.

தமிழ்வழிப் பள்ளிகள் இயங்கும் அந்தமானில், இம்மயக்கத்தைத் தீர்க்கும் சான்று பள்ளியைச் சூழ்ந்த கடலிலேயே உள்ளது. பொதுவாக ஒரு லிட்டர் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1.025 கிலோகிராம்; இது அடர்த்தி. ஒரு கிலோகிராம் கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் சுமார் 35 கிராம், இது செறிவு. ஐராவதி ஆறு கொணரும் நன்னீர் கலப்பதால் அந்தமான் கடலில் உப்பின் அளவு இதனினும் சற்றுக் குறையும், இது நீர்த்தல்.

ஒரே நீருக்கு இரண்டு அளவுகள். அவற்றுக்கு இரண்டு சொற்கள். சொல்லின் எல்லையை வரையறுத்த பின்னரே ஆசிரியர் கணக்கைத் தொடங்குதல் தகும்.