கப்பற் பட்டிகளும் குடிவழி ஆராய்ச்சியும்

வேள்விக்குடிச் செப்பேடும் திருவாலங்காட்டுச் செப்பேடும் அரசர்தம் முன்னோரை முறைப்படுத்திக் கூறுவன. பின்னது சோழர் குலத்தைக் கதிரவனிடத்துத் தொடங்கிப் புராண மன்னர் பலரைக் கடந்து, விசயாலயன் முதலாக வரலாற்றுக் காலத்துக்கு வந்து சேர்கிறது. இத்தகைய ஏடுகளில் புனைவு இது, உண்மை இது என்று பிரித்து வேந்தர் குடிவழியை ஒழுங்குபடுத்துதற்கு அறிஞர் பலர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழைத்துள்ளனர். ஆயின் அவ்வேந்தர் நாட்டில் ஏரி வெட்டியவனும் நெல் அறுத்தவனும் தறி நெய்தவனும் எவர் வழியில் வந்தனர், அவர் வழியினர் இன்று யாண்டுளர் என வினவினால் நம்மிடம் விடை இல்லை.

பிற்காலத்துச் சான்றுகளும் ஏறத்தாழ இந்நிலையினவே. 1821இல் மறைந்த கர்னல் காலின் மெக்கன்சி தம் உதவியாளரைக் கொண்டு திரட்டிய கைபீதுகளும் வமிசாவளிகளும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. அவற்றுட் பேசப்பெறுவோர் பெரும்பாலும் பாளையக்காரரும் அவரையொத்த தலைமைக் குடியினருமே. நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் ஒன்பது கோயில்களின் வழியாக, மணம் புரிந்த ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாகக் கொண்டு கணக்கு வைத்துள்ளனர். இது நம் நாட்டில் அரிதாக அமைந்த நல்லதோர் ஏற்பாடு. தரங்கம்பாடியில் 1707 முதல் தமிழர்க்குத் திருமுழுக்கு அளித்த கிறித்தவத் தொண்டர் அதற்குரிய பதிவேடுகளை எழுதி வைத்தனர். நிலவரித் திட்டப் பதிவேடுகளோ பட்டாதாரரையே அறியும். பட்டா இல்லாதவன் அவற்றில் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவு சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்கு பெற்றது. அதற்கு முன் வாழ்ந்த நிலமற்ற உழவன் ஒருவனை ஏட்டில் தேடிக் காண்பது எளிதன்று.

இந்நிலைக்கு ஒரு விலக்கு உண்டு. ஊரில் இருந்தவனைப் பற்றி எழுதாத அரசு, ஊரை விட்டுக் கப்பலேறியவனைப் பற்றி எழுதி வைத்தது. அண்ணன் ஊரிலேயே இருந்து பெயரின்றி மறைந்தான். தம்பி கரும்புத் தோட்டத்துக்குப் போய்ப் பதிவேட்டில் இடம் பெற்றான். அப்பதிவேட்டைத் தமிழாராய்ச்சியாளர் எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதே ஈண்டு யாம் ஆராய விரும்புவது.

1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையினின்று புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16ஆம் நாள் இன்றைய டர்பனாகிய நேட்டால் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரை, இடையில் 1866க்கும் 1874க்கும் நடுவே ஓர் இடையீடு நீங்கலாக, 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறை வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். இவர்தம் கப்பற் பட்டிகள் அழியாது எஞ்சியுள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், அகவை, பால், சாதி, ஜில்லா, தாணா, ஊர், உடலிலுள்ள தழும்பு முதலிய அடையாளம் என நிரல்கள் அமைந்தன. ஒப்பந்தத்தை மீறிச் செல்பவனை அடையாளங் காண்டற்கு உதவும் வகையில் எழுதப்பட்ட ஏடு, இன்று அவன் பேரர்க்குப் பேரர் தம் ஊரைத் தேடும் ஏடாகியுள்ளது. எழுதினோர் இதனை எண்ணியிருத்தல் இயலாது.

இப்பட்டிகளின் சிறப்பு ஒன்றைத் தனியே கூறல் வேண்டும். நம் செப்பேடுகளில் அரசியர் பெயரே அருகித்தான் வரும். கப்பற் பட்டியிலோ பெண்ணுக்குத் தனி எண் உண்டு. பெயரும் அகவையும் ஊரும் உண்டு. கணவனின் ஊர் வேறு, மனைவியின் ஊர் வேறு என்று காட்டும் இடங்கள், அக்காலத்து மண உறவு எத்துணைத் தொலைவு பரந்தது என்பதற்கே சான்றாகக் கூடும். தனியே புறப்பட்ட பெண்களும் இவற்றில் உளர். குடிவழி என்பதை ஆண்வழியாகவே எண்ணிப் பழகிய நமக்கு இது புதுநெறி.

ஏடு இருத்தல் மட்டும் போதாது. அதைத் தேடுவோரும் படிக்கவல்லோரும் ஓரிடத்திற் கூடுதல் வேண்டும். மேனாட்டார் இதனை நெடுநாள் முன்பே உணர்ந்தனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1845இல் நிறுவப்பெற்ற நியூ இங்கிலாந்து வரலாற்றுக் குடிவழிக் கழகம் 1847 முதல் தன் ஆய்விதழை வெளியிட்டு வருகிறது. இலண்டனில் குடிவழி ஆய்வாளர் கழகம் 1911இல் தோன்றியது. ஊட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரில் பிற்கால மறைஞர் திருச்சபையார் 1894இல் அமைத்த கழகம், 1938 முதல் பல நாட்டுப் பதிவேடுகளை நுண்படச்சுருளில் எடுக்கத் தொடங்கிற்று. ஏறத்தாழ 24 இலட்சம் சுருள்கள் திரண்டன. அவற்றை மின்னுருவாக்கும் பணி 2021இல் நிறைவுற்றது. அச்சபையினர் முன்னோரைத் தேடுவது தம் சமயக் கோட்பாடு பற்றி. எனினும் அவர் நூலகம் எச்சமயத்தார்க்கும் கட்டணமின்றித் திறந்துள்ளது. ஆவணங்களைப் பேணுவது குறித்து 1969இல் அவர் அந்நகரிற் கூட்டிய உலக மாநாட்டில் ஆவணக் காப்பாளரும் வரலாற்றறிஞரும் ஒருங்கு கூடினர். 2011 முதல் ஆண்டுதோறும் ஆங்கு நடைபெறும் 'ரூட்ஸ்டெக்' மாநாடு, தொழில்முறை ஆய்வாளரினும் தம் குடும்பத்தைத் தாமே தேடும் பொதுமக்களையே மிகுதியாக ஈர்க்கிறது.

இவற்றினும் நமக்கு அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொழும்பில் 1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தோன்றியது. தோன்றிய ஆண்டிலேயே இதழ் ஒன்றையும் தொடங்கி, குடும்பம் குடும்பமாகக் குடிவழிப் பட்டியலை வெளியிட்டு வந்தது. எப். எச். டி வோஸ் என்பார் இதில் முன்னின்றார். திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளோடு ஒல்லாந்தர் ஆட்சிக்கால ஆவணங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு தலைமுறைக்கும் உரோம எண் இட்டு, ஆண்டும் இடமும் குறித்து எழுதுவது அவர் முறை. சிறு தொகையினரான அம்மக்களிற் பலர் பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். ஆண்டுப் பிள்ளைகள் இன்று தம் முன்னோரைத் தேடப் புகுங்கால் அவ்விதழ்த் தொகுதிகளே கைகொடுக்கின்றன. அதே ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலும் குடிகளையும் நிலங்களையும் தோம்பு எனப்பட்ட பதிவேடுகளில் எழுதுவித்தனர். அச்சொல் ஈழத்தமிழ் உறுதிகளில் இடம்பெற்று நிலைத்தது. பறங்கியர் தம் குடிவழியைத் தொகுத்த காலத்தில், தோம்பிற் பெயர் பொறிக்கப்பெற்ற தமிழ்க் குடிகளுக்கு அவ்வாறு ஓர் இதழ் எழவில்லையே என்னும் எண்ணம் எமக்கு எழாமற் போகவில்லை.

நேட்டாற் பட்டிகளுக்கு வருவோம். இவற்றைக் கணிப்பொறியில் ஏற்றி ஆராயும் பணி டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக் கழகத்தைச் சார்ந்து நடைபெற்றது. சுரேந்திர பானா 1860 முதல் 1902 வரையுள்ள பட்டிகளை ஆராய்ந்து 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். இன்று குவாசுலு-நேட்டால் பல்கலைக் கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண நடுவமும், டர்பனிலுள்ள 1860 மரபுரிமை நடுவமும் தேடி வருவோர்க்கு வழிகாட்டுகின்றன. தென்னாப்பிரிக்கக் குடிவழிக் கழகம் 1964இல் தோன்றியது. ஆக, கடல் கடந்த பகுதியில் நூலகமும் கழகமும் உள்ளன. பட்டியில் எழுதியுள்ள ஊரின் பெயர் வரை அவை கொண்டுவந்து விடும். அதன்மேற் செல்லத் தமிழறிவு வேண்டும்.

காரணம் வெளிப்படை. பெயரைச் சொன்னவன் தமிழன். எழுதியது ஆங்கில எழுத்து. அவ்வெழுத்தில் லகர ளகர ழகரங்களுக்கு வேறுபாடில்லை. னகர ணகரங்களுக்கும் இல்லை. குறிலும் நெடிலும் மயங்கும். ஒரே எழுத்துக் கோவையை வேலூர் என்றும் வெள்ளூர் என்றும் வேளூர் என்றும் படிக்கலாம். குளத்தூரோ கொளத்தூரோ என்பது ஐயம். புதூர், நல்லூர், பாளையம் என்பனவோ எண்ணிறந்தன. ஜில்லாவும் தாணாவும் சேர்ந்தே அவற்றைப் பிரித்துக் காட்டும். அவையும் அன்றிருந்த எல்லைப்படி கொள்ளத்தக்கன. வடஆற்காட்டின் ஒரு பகுதி 1911இல் சித்தூர் மாவட்டமாயிற்று. எனவே 1880இல் வடஆற்காடு என எழுதப்பட்ட ஊர் இன்று ஆந்திர மாநிலத்தில் இருத்தல் கூடும். எஞ்சிய வடஆற்காடு 1989இல் இரண்டாயிற்று. அவற்றுள் வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாயிற்று. சேலத்தினின்று 1965இல் தருமபுரி பிரிந்தது. தருமபுரியினின்று 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. இம்மாற்றங்களை அறியாது இன்றைய நிலப்படத்தில் தேடுபவர் வேறோர் ஊரைத் தம் ஊரென்று கொண்டு மகிழ்ந்து திரும்பவும் கூடும்.

ஆட்பெயர்ச் சிக்கல் இதனினும் நுட்பமானது. நம்மவர்க்குக் குடும்பப் பெயர் வழக்கில் இல்லை. தந்தையின் பெயரே மகன் பெயர்க்கு முன் நிற்கும். அது ஒரு தலைமுறையோடு ஒழியும். நேட்டாலிலோ அரசின் பதிவு முறை குடும்பப் பெயர் ஒன்றை வேண்டிற்று. சிலர்க்குத் தந்தையின் இயற்பெயரே குடும்பப் பெயராக உறைந்தது. சிலர்க்குக் குலப்பட்டம் உறைந்தது. முதலி என்பது மூட்லியாயிற்று. பிள்ளையும் படையாட்சியும் நாயக்கரும் அவ்வாறே நிலைபெற்றன. கோவெண்டர் என்பது கவுண்டரின் திரிபு என்பர் ஒரு சாரார். கோவிந்தன் என்னும் பெயரடியாகப் பிறந்தது என்பர் மற்றொரு சாரார். எல்லாக் குடும்பங்கட்கும் ஒரே விடை பொருந்தும் எனல் சாலாது. பட்டியிலுள்ள முதல்வனின் பெயரைக் கண்டே முடிவு செய்தல் தகும். இதனால் விளைவது யாது? உடன்பிறந்தார் இருவர் வழியினர் இருவேறு குடும்பப் பெயர் பூண்டிருத்தல் கூடும். உறவே இல்லாத இருவர் ஒரே பெயர் பூண்டிருத்தலும் கூடும். மேனாட்டுக் குடிவழி நூல்கள் கற்பிக்கும் 'குடும்பப் பெயரைப் பின்பற்றுக' என்னும் முறை இங்கே வழி தவறச் செய்யும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் பெயரன் என்றனர் நம் முன்னோர். முத்துசாமி மகன் இராமசாமி, அவன் மகன் முத்துசாமி என்று ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி வரும் இவ்வழக்கை அறிந்தவர், பட்டியில் தந்தை பெயரைக் கண்டவுடன் பிறவா மகனின் பெயரையும் ஒருவாறு ஊகிக்கலாம். ஊகமே, சான்று ஆகாது.

சாதி நிரலைக் கையாள்வோர்க்கு எச்சரிக்கை ஒன்று கூறுதும். தொடக்கக் காலத்துப் பட்டிகளில் மலபார், ஜெண்டு, கிறித்தவர் என்பனவும் சாதியாகவே எழுதப்பட்டுள்ளன. மலபார் என்பது அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரைக் குறித்த சொல். ஜெண்டு என்பது தெலுங்கரைக் குறித்தது. மொழியும் சமயமும் சாதியும் மயங்கிய ஒரு நிரலைக் கொண்டு ஒருவன் குலத்தை அறுதியிட முனைவது வீண். அன்றியும் ஊரை விட்டு ஓடியவன் தன் உண்மைப் பெயரையே சொல்லியிருப்பான் என்பதற்கும் உறுதி இல்லை. கதிரவனிடத்துக் குலத்தைத் தொடங்கிய செப்பேட்டுப் புலவனின் ஆசை இன்று குடும்ப வரலாறு எழுதுவார் பலரிடத்தும் உண்டு. எண்ணும் கப்பலும் காட்டாத முன்னோரைச் சேர்த்துக்கொள்ளாமையே ஆய்வாளரின் கடன்.

மொரீசியசு நாட்டில் 1834 முதல் குடியேறிய இந்தியர் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர். அவர்தம் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. அவற்றுட் பலர்க்கு ஒளிப்படமும் உண்டு. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை 2015இல் இடம்பெற்றன. பீஜித் தீவுகளில் 1879க்கும் 1916க்கும் இடையே சென்றிறங்கியோர் 60,965 பேர். சென்னையினின்று கப்பல்கள் 1903 முதற் சென்றன. ஒவ்வொருவர்க்கும் எழுதிய குடிபெயர்வுச் சீட்டுகளுள் வடநாட்டாருடையவற்றைப் பிரிஜ் லால் ஆராய்ந்து 1983இல் 'கிர்மிட்டியர்' என்னும் பொருள்படும் நூலாக்கினார். தென்னாட்டார் சீட்டுகள் அந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் தோன்றி, 1966இல் கோலாலம்பூரிலும் 1989இல் மொரீசியசிலும் மாநாடு கூட்டியது. அதனை நிறுவுதற்கு முன்னின்ற தனிநாயக அடிகள் கடல் கடந்த தமிழரைத் தாமே சென்று கண்டவர். இத்தகைய மாநாடுகளில் இலக்கியமும் மொழியியலும் பெறும் இடத்தில் ஒரு சிறு பங்கினைக் கப்பற் பட்டிகளுக்கு அளித்தல் தகும். அப்பங்கில் பேசவேண்டுவோர் பேராசிரியர் மட்டுமல்லர். டர்பனிலிருந்து தம் பாட்டியின் எண்ணை எழுதிக்கொண்டு வருபவரும், அவ்வூர்ப் பெயரைக் கேட்டவுடன் ஏரிக்கரை எது, மேட்டுத்தெரு எது என்று சொல்லவல்ல ஊர்க்காரரும் எதிரெதிரே அமர்தல் வேண்டும்.

இடைக்காலத்தில் முதுகலை மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாவட்ட ஆவணங்களும் பழைய ஊர்ப் பட்டிகளும் உள. உரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய அச்சு நூல்களேயன்றித் திருமண அழைப்பிதழ் போன்ற சிறு அச்சுத் தாள்களும் திரட்டப் பெற்றுள்ளன. மணமக்களின் பெற்றோர், பாட்டனார் பெயரையும் ஊரையும் ஒருங்கே தரும் அவ்வழைப்பிதழ்கள் எளிய குடிவழி ஏடுகளே எனலாம். கப்பற் பட்டியிற் கண்ட ஆங்கில வடிவம், அதற்குரிய தமிழ் ஊர்ப்பெயர், அன்றைய ஜில்லா, இன்றைய மாவட்டம் என நான்கு நிரலில் ஓர் அகராதி தொகுக்கலாம். வடஆற்காட்டுப் பெயர்கள் நேட்டாற் பட்டிகளில் மிகுதியாதலின், ஆரணியும் போளூரும் வந்தவாசியும் சூழ்ந்த பகுதியினின்று அதனைத் தொடங்குதல் ஏற்புடைத்து.